நாலு கை யானை

“சீ, அரியண்டம்!” ஜெர்மன் மண்ணில் யோகம் பேசிய முதல் வார்த்தை இதுதான். கிழக்கு பெர்லினில் விமானத்தை விட்டிறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, நிலையத்துக் கழிப்பறைக்குள் தலையை நீட்டியவள் அப்படியே பின்வாங்கினாள். தண்ணீர்க் குழாயைக் காணவில்லை. சுவரில் கடதாசிச் சுருள் ஒன்று தொங்கியது. கோட்டும் சப்பாத்துமாக இவ்வளவு மிடுக்காக நடக்கிற சனத்தின் உள்விவகாரம் இதுதானா என்று அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. அருவருப்பு அவளுக்குத் தொழிலாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்தவள். கோப்பையை மோந்து பார்க்காமல் ஒரு வாய் தேநீர் குடிக்கமாட்டாள். கலியாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் விரலைச் சூப்பினால் எழுந்து போய்விடுவாள். கணவர் பரராசசிங்கம் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். நல்ல குரல்வளம் உள்ள மனிதர். காலையில் பல்லைத் தீட்டிக்கொண்டு, வாய் நிறைய நுரையோடு தேவாரம் பாடுவார். “துப்பிப்போட்டுப் படியுங்கோ, சாமிக்கே அரியண்டமாயிருக்கும்” என்று இவள் குசினிக்குள் நின்று கத்துவாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அவள் சொல் கேட்டதில்லை.

1985இல் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது இருவரும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். பயண ஏற்பாடு செய்தவன் ஒரு நிபந்தனை போட்டான். “ரெண்டு பேரும் வேறை வேறை வரிசையிலை நில்லுங்கோ. தெரியாத ஆக்கள் மாதிரி. ஒராள் மாட்டினால் மற்றாள் திரும்பிப் பாக்கக்கூடாது.” விமான நிலையத்தில் அப்படியே நின்றார்கள். யோகத்தின் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது. அடுத்த வரிசையில் பரராசசிங்கத்தை இரண்டு பேர் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்கள். யோகம் அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். திரும்பவில்லை. கூப்பிடவும் இல்லை. அவருடைய பையில்தான் வீட்டுப் பிள்ளையார் படம் இருந்தது. அதுவும் அவரோடு போயிற்று.

அகதிகளை அங்குமிங்கும் பிரித்து அனுப்பியதில் யோகத்துக்கு வுப்பர்டால் வாய்த்தது. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடுகிற ரயிலைக் காட்டி எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இவள் ஆற்றைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். ஹைம் என்று எல்லோரும் சொன்ன அகதி விடுதி மேட்டில் இருந்தது. ஒரு காலத்தில் நாடா நெய்த தொழிற்சாலைக்காரர்களின் குடியிருப்பாம். மூன்றாம் மாடி முழுக்கத் தமிழர், கீழே கானா நாட்டவரும் ஈரானியரும் லெபனான்காரரும். வேலை செய்ய அனுமதி இல்லை, கந்தோர்க் கடிதம் இல்லாமல் ஊரை விட்டு வெளியே போகவும் முடியாது. வாரத்துக்கு ஒரு முறை உணவுப் பொதி வரும். அதற்குள் பன்றி இறைச்சி டின் இருக்கும். அதைக் கையால் தொடாமல் கரண்டிக் காம்பால் தள்ளித் தள்ளி அறை வாசலில் வைப்பாள் யோகம். பொதுக் குசினியில் ஒருவர் மீன் பொரித்த சட்டியில் இன்னொருவர் பால் காய்ச்சுவார். குளிக்கும் இடத்து வடிகாலில் பத்து நாட்டு மயிரும் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கும். யோகம் ஆறு மாதத்தில் பாதியாய் இளைத்துப் போனாள்.

ஆனால் இளைத்ததற்குக் காரணம் குசினி இல்லை. பரராசசிங்கம் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் இருந்தது. அடுத்த வருஷம் மாசியில்தான் கொழும்பிலிருந்த மைத்துனர் தொலைபேசியில் கிடைத்தார். “அண்ணை உயிரோடை இருக்கிறார். தெற்கை ஒரு ஆமி முகாமிலை வைச்சிருக்கிறாங்கள். பாக்க விடுறாங்களில்லை” என்றார். அதற்குள் தொடர்பு அறுந்தது. பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள், யார் யாரோ வாய் வைத்துப் பேசிய அந்தக் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு யோகம் அழுதாள். அதைத் துடைத்துவிட்டுக் காதில் வைக்கும் நினைப்புக்கூட அன்றைக்கு வரவில்லை.

அறைக்குத் திரும்பிய யோகத்துக்கு உடனே கும்பிட ஒரு சாமி வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி முழுக்கத் தேடியும் ஒரு சாமி படம் இல்லை. எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். கொறற்றி அக்காவிடம் மட்டும் ஒரு மாதா சுருவம், சின்னச் சிலை, இருந்தது. கொறற்றி பக்கத்து அறைக்காரி, கத்தோலிக்கர், பெரிய உடம்பும் பெரிய சிரிப்பும். “மாதாவைக் கும்பிடன், அவ என்ன மாட்டன் எண்டே சொல்லப்போறா?” என்றாள். யோகத்துக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமையே நவரத்தினம் ஒரு படத்தோடு வந்து நின்றார். நவரத்தினம் மூன்றாம் மாடியின் தலைவர். யாரும் தெரிவு செய்யவில்லை, அவரே ஆகிக்கொண்டார். நாலு வார்த்தை ஜெர்மன் பேசுவார், அதை நாற்பது வார்த்தை போலப் பேசுவார். சட்டம் போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “பாரிசிலை எனக்குத் தெரிஞ்ச ஐயர் ஒராள் குடுத்துவிட்டவர். வடநாட்டுப் பிள்ளையார். பழைய முறை” என்றார்.

கறுப்பு வெள்ளைப் படம். யானைமுகம் ஆசனத்தில் அமர்ந்திருந்தது. பானை வயிறு. நாலு கை, அதில் இரண்டு கையில் உருண்டையாக மோதகம். வளைந்த தும்பிக்கை. காலடியில் மூஞ்சூறு நிமிர்ந்து நின்று அறுகம்புல் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தது. கொஞ்சம் பல் தெரியச் சிரிக்கிற பிள்ளையார்தான். ஆனால் வடநாட்டுக்காரர் எதையும் கொஞ்சம் கூட்டித்தானே செய்வார்கள் என்று யோகம் நினைத்தாள். ஜெர்மனிக்கு வந்தபின் அவளுக்கு அருவருக்காத முதல் பொருள் அதுவாக இருந்தது.

விளக்குமாறும் வாளியும் வைக்கிற சின்ன அறையை அவளே உரஞ்சி உரஞ்சிக் கழுவினாள். படத்தை அங்கே மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பூசை. நவரத்தினம் தோளில் துவாய் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பார். யோகம் எல்லோர் முன்னாலும் நேர்த்தி வைத்தாள். கணவர் வெளியே வரும்வரை ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். வந்ததும் இதே படத்துக்கு முன்னால் அவரை நிறுத்திப் பொங்கிப் படைப்பது. உப்பில்லாத சோறு எப்படி இருக்கும் என்பதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். வாய்க்குள் போனதும் அது உணவாக இல்லாமல் ஏதோ ஈரப் பொருளாகிவிடும். யோகம் அதை விழுங்கினாள், ஒரு வருஷத்துக்கு மேல்.

இதற்கிடையில் தேவாலய மண்டபத்தில் மக்டலீன் சனிக்கிழமைகளில் அகதிகளுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மக்டலீன் ஒரு ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, ஜெர்மன்காரி. அவள் தகப்பன் பழைய படச்சுருள்கள் சேர்த்தவர். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய கறுப்பு வெள்ளைக் குறும்படங்கள். மிருகங்கள் ஆடிப் பாடுகிற கார்ட்டூன் படங்கள். பேச்சே கிடையாது, பாட்டும் தாளமும்தான், ஆகவே எந்த நாட்டுக்காரருக்கும் விளங்கும் என்று சொல்லி அவற்றைத் திரையில் ஓட்டிக் காட்டுவாள். தமிழர் மட்டும் போவதில்லை. போகக்கூடாது என்று நவரத்தினம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “கோப்பி தந்து படம் காட்டிக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்துற விளையாட்டு இது. பிள்ளையளை ஒருக்காலும் விடாதையுங்கோ.” எங்கள் சனத்துக்கு இந்தப் பயத்தைக் கிளப்பினால் போதும், வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

1987 சித்திரையில் ஒரு சனிக்கிழமை டுசில்டோர்ப்பில் ஒரு தமிழ்க் கலியாணம். மூன்றாம் மாடியே காலி. உப்பில்லாதவளுக்குப் பந்தியில் என்ன வேலை என்று யோகம் நின்றுவிட்டாள். கொறற்றிக்குக் காலில் வீக்கம், அவளும் போகவில்லை. மழை கொட்டியது. “வாடி, உந்த வெள்ளைக்காரி படம் காட்டுறாளாம். நான் ஏற்கெனவே வேதக்காரி, என்னை ஆர் மாத்தப்போறது? நீ எனக்குத் துணைக்கு வா” என்று கொறற்றி கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மண்டபம் கோப்பியும் ஈரக் கம்பளியும் மணத்தது. கானாப் பிள்ளைகள் முன்வரிசையில் குந்தியிருந்தார்கள். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பண்ணை வந்தது. வைக்கோல் போரிலிருந்து எலி ஒன்று குதித்து, வாத்தியக் குழுத் தலைவன் போலத் தடியால் தட்டியது. அவ்வளவுதான், மிருகங்கள் எல்லாம் வாத்தியங்களாயின. கோழிகளை வரிசையாக இருத்தி ஒவ்வொன்றின் தலையிலும் தட்ட, தாளம் தவறாமல் முட்டை விழுந்தது. யோகத்துக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! கொறற்றி அவள் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

கழுதையின் விலா எலும்பில் எலி கோலால் வாசித்தது. பூனையின் மீசையை இழுத்து இழுத்து மீட்டியது. பன்றியை மல்லாக்கப் போட்டு வயிற்றில் குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் பன்றி வாயிலிருந்து ஒரு சத்தமும் கொஞ்சம் எச்சிலும் வந்தன. யோகத்துக்கு இப்போது மூக்கு சுருங்கத் தொடங்கியது. என்ன ஊத்தைப் பகிடி இது என்று கொறற்றியின் காதுக்குள் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் யானை வந்தது. முக்காலி ஒன்றில் வந்து குந்தியது. தன் பானை வயிற்றையே மத்தளமாக்கி உருண்டைத் தலைக் கோல்களால் அடிக்கத் தொடங்கியது. அடி வேகமாக வேகமாக, கை இரண்டும் நாலாகத் தெரிந்தன. அதன் பின்னால் எலி ஒரு நீள ஊசியோடு வந்தது. குத்தியது. யானை ‘பாம்’ என்று பிளிறியது. இன்னும் மேலே குத்தியது. இன்னும் மேல்சுருதியில் பிளிறியது. குத்துக்கு ஒரு சுரம். யானையின் கண்ணால் நீர் வழிந்தது, ஆனால் வாய் காதுவரை சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எலி முன்னால் வந்து, ஊசியைத் தூக்கிக் காட்டி, நிமிர்ந்து நின்று வணங்கியது. மண்டபம் கைதட்டியது.

அந்த எலி நின்ற நிலையை யோகத்துக்குத் தெரியும். அந்த வயிற்றைத் தெரியும், அந்தப் பல்லைத் தெரியும், அந்த நாலு கையையும் தெரியும். மோதகம் என்று அவள் கும்பிட்டது மேளக் கோலின் தலை. அறுகம்புல் என்று அவள் உருகியது ஊசி.

கொறற்றியும் கண்டுவிட்டாள். விளக்குமாற்று அறை வாசலில் நின்று எத்தனை வெள்ளிக்கிழமை எட்டிப் பார்த்திருப்பாள்! “எடியேய்… இது உங்கடை…” என்றவள் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். யோகம் எழுந்து வெளியே ஓடி, மழைக்குள் நின்று சத்தியெடுத்தாள். காலையில் தின்ற உப்பில்லாச் சோறு அப்படியே வந்தது.

மறுநாள் நவரத்தினத்தைத் துணி தோய்க்கிற அறையில் பிடித்தாள். வேறு ஒருவரும் இல்லை.

“நவரத்தினம் அண்ணை, அந்தப் படம் எங்கையிருந்து வந்தது?”

“அதுதான் சொன்னனே ரீச்சர், பாரிசிலை…”

“நேற்று மண்டபத்துக்குப் போனனான்.”

நவரத்தினத்தின் கை சவர்க்காரத் தூளுக்குள்ளேயே நின்றது. பிறகு, இதிலென்ன இருக்கிறது என்ற மாதிரிச் சிரித்தார்.

“சத்தியமா முதல் நானும் பிள்ளையார் எண்டுதான் நினைச்சனான். மண்டபத்துப் பலகையிலை விளம்பரமா ஒட்டியிருந்தது. கீழை இருந்த எழுத்தை வெட்டிப்போட்டுச் சட்டம் போட்டன். அடுத்த கிழமைதான் மக்டலீன் விளங்கப்படுத்தினவ. அதுக்கிடையிலை நீங்கள் நேத்தியும் வைச்சிட்டியள். பிறகு நான் என்னண்டு சொல்லுறது?”

“அதுக்காகத்தான் படம் பாக்கப் போகவேண்டாம் எண்டனீங்களோ? வேதம், மதம் எண்டெல்லாம் சொல்லி?”

“ரீச்சர், கும்பிடுற மனம்தான் சாமி. ரஞ்சினியின்ரை குழந்தைக்குக் காய்ச்சல் மாறேல்லையே? அவ அந்தப் படத்தாலை மாறினதெண்டு நம்பியிருக்கிறா. நீங்கள் இப்ப போய்ச் சொல்லுங்கோவன் பாப்பம்.”

யோகம் நிலத்தில் காறித் துப்பினாள். பிறந்ததிலிருந்து அவள் செய்யாத காரியம். நவரத்தினம் திகைத்துப்போய் வெளியேறினார். அவர் போனபிறகு, தான் துப்பியதைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கமுடியாமல், துணி எடுத்து, தூள் போட்டு, இரண்டு தரம் துடைத்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரஞ்சினி என்ற அந்த இளம் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் தலையைப் படத்துச் சட்டத்தில் முட்டி எடுப்பதைப் பார்க்கும்போது வாய் எழவில்லை. அதைவிட இன்னொரு பயம் இருந்தது. நேர்த்தியை இடையில் விட்டு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? படம் பொய்தான். வைத்த நேர்த்தியும் பொய்யா? பிள்ளையாருக்கு விஷயம் தெரியாமலா இருக்கும், அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உப்பில்லாச் சோற்றைத் தொடர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். மூடிய கண்ணுக்குள் யானை வயிற்றில் அடித்தது, எலி ஊசியைத் தூக்கியது. அவளுக்கு அந்த எலியின்மேல் ஆத்திரம், நவரத்தினத்தின்மேல் ஆத்திரம், கற்பூரத்தட்டை நீட்டும்போது அவர் முகத்தில் வருகிற பக்தியின்மேல் இன்னும் ஆத்திரம்.

அந்த வருஷம் ஊரில் இந்தியாவோடு சமாதான ஒப்பந்தம் வந்தது. முகாம்களில் இருந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். புரட்டாசியில் மைத்துனர் சொன்னார்: “அண்ணை வந்திட்டார். இஞ்சைதான் படுத்திருக்கிறார்.”

மூன்றாம் மாடியில் திருவிழா. “பாத்தியளே, கைகண்ட தெய்வம்!” என்று நவரத்தினம் கூசாமல் சொன்னார். பெண்கள் யோகத்தைக் கட்டிப்பிடித்தார்கள். பக்கத்து ஊர் ஹைம்களிலிருந்துகூட ஆட்கள் அந்தப் படத்தைக் கும்பிட வந்தார்கள். யோகம் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். அன்று உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். ருசியே தெரியவில்லை. இந்த ஏமாற்றுக்குத் தன்னுடைய சந்தோஷமே சாட்சியாகிவிட்டதே என்று அவளுக்கு மனம் கசந்தது.

பரராசசிங்கம் வந்துசேர மேலும் பல மாதம் ஆயிற்று. பாரிசுக்கு வந்து, பெல்ஜியம் கடந்து, ஆகன் எல்லைக் காட்டால் நடந்து, 1988 ஆனியில் ஒரு வியாழக்கிழமை ஹைம் வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது. யோகம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். நகங்கள் கோணலாக வளர்ந்திருந்தன. அவள் எதையும் மோந்து பார்க்கவில்லை, எதையும் அருவருக்கவில்லை. “திரும்பிப் பாக்காமல் வந்திட்டன்” என்றாள். “அது நல்லது” என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் காலை அவர் பல் தீட்டினார். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை பூசை. நேர்த்தி நேர்த்திதான் என்று ஒருவரும் விடவில்லை. பொங்கலும் வடையும் மாலையும். விளக்குமாற்று அறைக்கு வெளியேயும் சனம் நின்றது. பரராசசிங்கத்தைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். நவரத்தினம் தீபம் காட்டிவிட்டு, “அண்ணை நல்லாப் பாடுவார் எண்டு ரீச்சர் அடிக்கடி சொல்லுவா. ஒரு தேவாரம் படியுங்கோ அண்ணை” என்றார்.

பரராசசிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

“படியுங்கோவன் அண்ணை, எல்லாரும் ஆசையோடை நிக்கினம்.”

அவருடைய தோள் இரண்டும் மெல்ல மேலே ஏறிக் காதோடு ஒட்டின. பின்னால் யாரோ நிற்பது போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு உதடு இரண்டும் விரிந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நின்றபாடில்லை. சனம் முணுமுணுத்தது. யோகம் அவர் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்தாள்.

சனிக்கிழமை காலை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாள், நேற்றுச் சிரித்த மாதிரி அல்ல, முந்தி வீட்டில் சிரித்த மாதிரி. “இஞ்சருங்கோ, ஒரு பகிடி சொல்லட்டே? அது பிள்ளையாரே இல்லை” என்று தொடங்கினாள். நவரத்தினத்தின் பாரிஸ் ஐயர், கொறற்றியின் குலுங்கல், தான் மழைக்குள் சத்தியெடுத்தது, எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்துச் சொன்னாள். கோழியைச் சொன்னாள், பன்றியைச் சொன்னாள். யானைக்கு வந்தாள்.

“பின்னாலை நிண்டு ஊசியாலை குத்துறதாம். ஒவ்வொரு குத்துக்கும் ஒவ்வொரு சத்தம். என்ன அரியண்டமான கற்பனை பாருங்கோ.”

பரராசசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். “அது சிரிச்சதோ?”

“எது?”

“யானை. குத்தேக்கை சிரிச்சதோ?”

“ஓம். கண்ணாலை தண்ணி வருது, ஆனால் சிரிப்பு.”

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எங்களையும் அப்பிடித்தான். காவலுக்கு நிண்டவங்களுக்குப் பொழுது போகாட்டில் வரிசையா இருத்துவாங்கள். பாட்டுப் படிக்க வேணும். ஒருத்தன் பின்னாலை ஊசியோடை நிப்பான். எந்த இடத்திலை குத்தினால் எந்தச் சத்தம் வரும் எண்டு அவனுக்குத் தெரியும். சிரிச்சுக்கொண்டு படிக்க வேணும். சிரிக்காட்டில் திரும்பத் தொடக்கத்திலையிருந்து. எனக்குக் குரல் நல்லதெண்டு என்னைத்தான் கூடக் கூப்பிட்டவங்கள்.”

யோகம் தன் கோப்பையையும் கீழே வைத்தாள்.

“பாக்கவும் ஆக்கள் வந்தவை, யோகம். சமையல்காரர், லொறிக்காரர். சும்மா, சாதாரண ஆக்கள். விழுந்து விழுந்து சிரிச்சவை. நீர் சொன்னீரே கொறற்றி சிரிச்சாவெண்டு, அப்பிடி.”

கொறற்றி மட்டுமா? முட்டை விழுந்தபோது தானும் சிரித்தது யோகத்துக்குத் தெரியும். இந்த முறை வந்தது சத்தியெடுத்துத் தீருகிற அருவருப்பு இல்லை. அவள் எழுந்து நேரே விளக்குமாற்று அறைக்குப் போனாள்.

அங்கே நவரத்தினம் வாடிய மாலையை எடுத்துக்கொண்டிருந்தார். ரஞ்சினி குழந்தையோடு நின்றாள். வேறு நாலைந்து பெண்களும் இருந்தார்கள். யோகம் ஒரு வார்த்தை பேசாமல் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

“ரீச்சர்! என்ன செய்யுறியள்? நேத்தி முடிஞ்ச கையோடை…” நவரத்தினம் குறுக்கே வந்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது.

“விலகுங்கோ. இது சாமியில்லை. மண்டபத்திலை மக்டலீன் காட்டுற படத்திலை வாற யானை. இந்த நவரத்தினம் அண்ணைக்குத் தெரியும்.”

“என்னக்கா சொல்லுறியள்?” என்றாள் ரஞ்சினி. “என்ரை பிள்ளைக்குச் சுகமாக்கின…”

“உன்ரை பிள்ளைக்கு மருந்தாலைதான் சுகமானது. இந்தச் சீவன் ஒரு ஊசிக்காரனிட்டைக் குத்து வாங்கி வாங்கிச் சிரிச்சுக்கொண்டு நிக்குது. அதுக்குத் தன்னையே காப்பாத்த ஏலாது. அதுக்கு முன்னாலை போய் நிண்டு, எனக்கு அதைத் தா, இதைத் தா எண்டு ரெண்டு வருசமாக் கேட்டிருக்கிறம். அது கத்துறது எங்களுக்குக் கேக்கேல்லை. நேற்று இன்னொராளையும் கொண்டுவந்து நிப்பாட்டிப் பாடு பாடு எண்டம். சீ! என்ன மனுசர் நாங்கள்!”

நவரத்தினம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். குழந்தை மட்டும் படத்தைப் பிடிக்கக் கை நீட்டியது.

அறைக்கு வந்து மேசையில் வைத்துச் சட்டத்தைப் பிரித்தாள். பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். பரராசசிங்கம் பக்கத்தில் வந்து நின்றார். யோகம் கத்தரிக்கோலை எடுத்து, பாடசாலையில் பிள்ளைகளுக்கு வெட்டிக் காட்டுகிற அதே நிதானத்தோடு, யானையின் கால் நகம் சேதமாகாமல் சுற்றி வளைத்து, எலியையும் அதன் கையிலிருந்த ஊசியையும் வெட்டியெடுத்தாள். அந்தத் துண்டை இரண்டு விரல் நுனியால் தூக்கிக் கொண்டுபோய்க் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் அடித்தாள். முதல் தடவை போகவில்லை, மிதந்தது. திரும்பவும் அடித்தாள்.

வந்து பார்த்தபோது பரராசசிங்கம் யானையைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். அதன் முதுகு சுவரில் பட, பின்னால் யாரும் வரமுடியாதபடி வைத்திருந்தார். விளக்கு இல்லை, பூ இல்லை. அதன்பிறகு அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.